மனுவும் மனிதனும்

வைகாசி பிறந்துவிட்டால் நம் வீட்டுத் திண்ணைக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. பரீட்சை முடிவுகள் வெளியானதும், அவ்வருஷத்து மாணவர்களும் முந்தைய வருஷங்களின் மாணவர்களும் கையில் சான்றிதழ் உறையுடன் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். "ஸார், வேலைக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும்" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "எனக்கும், ஸார்" என்று மற்றவர்கள் தொடர்வார்கள். ஆங்கிலம் கற்பிக்கிறோம் என்ற ஒரே குற்றத்துக்காக, சென்ற 20 வருஷங்களில் நாம் எழுதிக் கொடுத்த உத்தியோக மனுக்களுக்குக் கணக்கே கிடையாது. அவற்றில் எத்தனை பலித்தன என்று மட்டும் யாரும் கேட்காதிருந்தால் நம்முடைய மதிப்புக்குக் குறைவில்லை.

ஆனால் ஒருவர் கேட்டுவிட்டார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, அடுத்த ஊரில் தண்ணீர்ப் பம்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மானேஜர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு காகிதக் கட்டு. காபி சாப்பிட்டு, மழை பொய்த்துப்போனதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிய பிறகு, கட்டை அவிழ்த்து நம் முன் வைத்தார்.

"கோபித்துக்கொள்ளக் கூடாது, ஸார். உதவியாளர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தோம். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் 23 பேர் மனுப் போட்டிருக்கிறார்கள். மனுக்கள்தான் 23, எழுதியவர் ஒருவர்" என்றார்.

புரட்டிப் பார்த்தோம். எல்லாம் நம்முடைய சரக்கு! "மிகுந்த பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வதாவது" என்று தொடங்கி, "தங்கள் பூரண திருப்திக்கு உரியவனாக அல்லும் பகலும் உழைப்பேன்" என்று முடிகிற அந்த மாதிரிக் கடிதத்தை நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பிள்ளைகள் குருபக்தி மிக்கவர்கள்; ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் நாம் போட்டிருந்த "எக்ஸ் ஒய் இசட்" என்பதையும் ஒருவன் அப்படியே எழுதி, அதன் கீழ்க் கையெழுத்தும் இட்டிருந்தான்.

முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டின் அடியில் இருந்த ஒரு மனுவைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. நம் பள்ளியில் எல்லோரும் 'மோட்டார்க்காரன்' என்று அழைக்கும் பையனுடைய மனு அது. பள்ளிக் கிணற்றின் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றுவிட்டால், தலைமை ஆசிரியர் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் அவனைத்தான் கூப்பிடுவார். "கெப்பாசிட்டர் போய்விட்டது, ஸார்" என்பான். பத்து நிமிஷத்தில் தண்ணீர் வந்துவிடும். கிணற்றுக்குள் இறங்கிப் புட்வால்வைச் சுத்தம் செய்து ஏறி வருவான். பம்புத் தொழிற்சாலைக்கு இவனைவிடப் பொருத்தமான பையன் ஜில்லாவிலேயே கிடைப்பது அரிது. அவன் மனுவில் மோட்டார் என்ற சொல்லே இல்லை. ஏனென்றால் நம்முடைய மாதிரிக் கடிதத்தில் அதற்கு இடமே இல்லை.

விஷயத்தை மானேஜரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இதை அவன் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே, ஸார். நேற்றுத்தான் எல்லா இடத்துக்கும் ஆள் எடுத்து முடித்தோம்" என்றார்.

அதன்பின் அந்தப் பையன் இரண்டு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கினான். கடைத்தெருவில் நம்மைக் கண்டால் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வணக்கம் சொல்வான். அந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்வது நமக்கு எளிதாக இருக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஒரு விண்ணப்பத்தில் உண்மையில் எதைத் தேடுகிறார்கள் என்பதை விசாரிக்க நாம் புறப்பட்டது அப்போதுதான். விசாரித்து அறிந்ததை வாசகர்களுக்கும், முக்கியமாகப் பரீட்சை முடித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும் தாய் தந்தையருக்கும் சொல்லிவிடுவது நம் கடமை என்று தோன்றுகிறது.

பணிவு எங்கிருந்து வந்தது?

இந்த மாதிரிக் கடிதம் நாம் கண்டுபிடித்ததன்று. நம்முடைய ஆசிரியர் நமக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அவருடைய ஆசிரியர். பின்னோக்கிச் சென்றால் வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரி வாசலில் போய் நிற்போம். 1835-இல் மெக்காலே தம்முடைய கல்விக் குறிப்பை எழுதினார். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. படித்தவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் என்ற பாதை ஏற்பட்டது. அந்தப் பாதையின் வாசலில் தலை குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று கையெழுத்திடுவது ஆங்கிலேயர் தமக்குள்ளேயும் வழங்கிவந்த வழக்கம்தான். ஆனால் அவர்களுக்கு அது வெறும் உபசாரம்; நமக்கோ அது உண்மை நிலை. துரை கொடுப்பவர், நாம் கேட்பவர். ஆகவே மனு என்றால் யாசகம் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

1947-இல் தேசம் விடுதலை அடைந்தது. நம்முடைய உத்தியோக மனுக்கள் இன்னும் அடையவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆள் எடுப்பவருக்கு இந்தப் பணிவினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் தர்மம் செய்ய உட்காரவில்லை. அவருக்கு ஒரு வேலை நடக்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய ஆள் வேண்டியிருக்கிறது. மேஜைமேல் 300 விண்ணப்பங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, "இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு அத்தாட்சி என்ன?" என்றே அவர் கேட்கிறார். விண்ணப்பதாரர் எவ்வளவு ஏழை, எவ்வளவு பணிவானவர், எவ்வளவு நன்றியுடன் இருப்பார் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாக மாட்டா.

துறைமுகத்துக்குப் போன மனு

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 1912-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணியில் குடியிருந்த 24 வயது இளைஞர் ஒருவர் சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு மனு எழுதினார். கும்பகோணத்தில் மெட்ரிகுலேஷன் தேறியவர். எப்.ஏ. பரீட்சையில் கணிதத்தைத் தவிர மற்றவற்றில் கோட்டை விட்டு, இருமுறை தவறியவர். கல்யாணம் ஆகிவிட்டது, வருமானம் இல்லை. கணித நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு வேலைக்காகப் பெரிய மனிதர்களின் வீடுகளுக்கு நடந்தவர். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

அந்த மனுவும் அக்காலத்து வழக்கப்படி 'வேண்டிக்கொள்கிறேன்' என்ற வார்த்தையுடன்தான் தொடங்குகிறது. அந்த வார்த்தையுடனேதான் முடிகிறது. ஆனால் இடையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மொத்தம் சில வாக்கியங்களே. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார். எப்.ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத இடையூறுகளால் மேலே தொடர முடியாமற் போனதையும் ஒளிக்காமல் சொல்கிறார். அதற்குப் பிறகு தம் காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாகச் சொல்கிறார். வேலை கொடுத்தால் அதற்கு நியாயம் செய்ய முடியும் என்று தமக்கு நம்பிக்கை இருப்பதாகச் சொல்கிறார். அவ்வளவுதான். குடும்பக் கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மனுவுடன் பிரஸிடென்ஸி கலாசாலைக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய நற்சாட்சிக் கடிதம் ஒன்றும் இருந்தது. "இவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்று அவர் எழுதவில்லை. இந்த இளைஞருக்குக் கணிதத்தில் அசாதாரணமான ஆற்றல் உண்டென்றும், எண்களைக் கையாள்வதில் மிக வேகமானவர் என்றும் எழுதினார். கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவுக்கு வேண்டிய குணம் எதுவோ அதற்குச் சாட்சி சொன்னார்.

மார்ச்சு 1-ஆம் தேதி ராமானுஜன் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

மறுவருஷம், 1913 ஜனவரி 16-ஆம் தேதி, அதே குமாஸ்தா கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலும் முதல் வரியிலேயே, துறைமுகக் காரியாலயத்தில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். சர்வகலாசாலைப் படிப்பு தமக்கு இல்லை என்பதையும் சொன்னார். பிறகு வீண் வார்த்தை பேசாமல் சுமார் 120 தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். முன்னதாக வேறு இரண்டு கணித மேதைகளுக்கு எழுதியது பயன் தரவில்லை. ஹார்டியோ அந்தத் தேற்றங்களைத் தம் தோழர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஆராய்ந்தார். இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவற்றைக் கற்பனை செய்யும் திறமை எவருக்கும் இராது என்ற முடிவுக்கு வந்தார். 1914-இல் ராமானுஜன் கப்பல் ஏறியதும், 1918-இல் ராயல் ஸொஸைட்டியின் உறுப்பினர் ஆனதும் எல்லோரும் அறிந்த சரித்திரம்.

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது, அது உண்மை. ஆனால் அவர் எழுதிய முறையை எல்லோரும் பின்பற்றலாம். உள்ளதைச் சொல், இல்லாததை ஒளிக்காதே, செய்ததைக் காட்டு, அறிந்தவரைச் சாட்சிக்கு வை. வேலைக்கு ஆள் எடுக்கும் பலரிடம் நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதும் ஏறக்குறைய இதுவேதான்.

அவர்கள் தேடுவது என்ன?

முதலாவது, விளம்பரத்தை வாசித்திருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இது சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் பாதிப் பேர் தவறுவது இங்கேதான் என்று ஒரு மானேஜர் நம்மிடம் கூறினார். கணக்கெழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டால், தமக்குக் கைப்பந்தில் கிடைத்த பரிசைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதுமுன் விளம்பரத்தை ஒரு தாளில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: அவசியம் வேண்டியவை ஒரு பக்கம், இருந்தால் நல்லது என்பவை ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் நேராக நம்மிடம் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டால், மனுவில் முக்கால் பாகம் எழுதியாகிவிட்டது.

எதிராளிக்கு வேண்டியது எது என்று அறிந்து எழுதுவதில் கைதேர்ந்தவர் ஒருவர் இத்தாலியில் இருந்தார். சுமார் 1482-இல் லியனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்ஸாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் இன்றும் இருக்கிறது. உலகம் போற்றும் அந்த ஓவியர், ஓவியத்தைப் பற்றி அதில் கடைசியில்தான் சொல்கிறார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் ஆகியவற்றைச் செய்ய முடியும் என்று முதலில் வரிசையாக அடுக்குகிறார். ஏனென்றால் அந்தப் பிரபுவின் கவலை யுத்தம். சந்தேகம் இருந்தால் தங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்றும் முடிவில் சொல்கிறார்.

இந்நாளில் வேறொரு காரணத்தாலும் விளம்பரத்தைக் கவனித்து வாசிக்க வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் வாசிப்பது மனிதர் அல்லர், கணினி. விளம்பரத்தில் கேட்ட தகுதிகளுக்குரிய சொற்கள் இருக்கின்றனவா என்று அது சல்லடை போடுகிறது. ஆகையால் நமக்கு உண்மையாகத் தெரிந்த தொழிலுக்கு விளம்பரத்தில் எந்தப் பெயர் கொடுத்திருக்கிறார்களோ அந்தப் பெயரையே நாமும் எழுத வேண்டும். பூக்களும் கட்டங்களும் வரைந்த அலங்காரப் படிவங்களில் கணினி சில சமயம் தடுமாறிவிடும். சாதாரணமாக எழுதுவதே உத்தமம்.

இரண்டாவது, அடைமொழிக்குப் பதிலாக அத்தாட்சியைத் தேடுகிறார்கள். 'கடும் உழைப்பாளி', 'நேர்மையானவன்', 'தலைமைப் பண்பு மிக்கவன்' என்ற சொற்களை வாசித்து வாசித்து அவர்கள் கண்கள் பூத்துப்போயிருக்கின்றன. 'உழைப்பாளி' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'காலை 4 மணிக்கு எழுந்து 120 வீடுகளுக்குப் பத்திரிகை போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்' என்று எழுதினால், உழைப்பாளி என்ற முடிவை வாசிக்கிறவரே செய்துகொள்வார். தாமே செய்துகொண்ட முடிவை மனிதர்கள் எளிதில் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளை வளர்ப்பதற்காகச் சில வருஷங்கள் வேலையை விட்டிருந்தவர்கள், "எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை" என்கிறார்கள். விசாரித்தால், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை ஐந்து வருஷம் எழுதியிருப்பார்கள். பாங்கிக்குப் போய்க் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டியிருப்பார்கள். இதைவிடச் சிறந்த அத்தாட்சி எந்தக் கலாசாலையில் கிடைக்கும்? குழுவில் எத்தனை பேர், எவ்வளவு தொகை, எத்தனை வருஷம் என்று இலக்கத்தோடு எழுத வேண்டும்.

மூன்றாவது, உண்மையைத் தேடுகிறார்கள். படிப்பிலோ வேலையிலோ இடைவெளி இருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. 'தந்தையாரின் நோயால் ஒரு வருஷம் படிப்பை நிறுத்தினேன்' என்ற ஒரு வரி போதும். காரணம் சொல்லாத இடைவெளியை வாசிப்பவரின் கற்பனை நிரப்பிவிடும். கற்பனை எப்போதும் நமக்குச் சாதகமாக நிரப்புவதில்லை. இல்லாத பட்டத்தையும் செய்யாத வேலையையும் எழுதுவதோ தற்கொலைக்குச் சமானம். சான்றிதழ்களைச் சரிபார்ப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பொய் வெளிப்பட்டால், கிடைத்த வேலையும் போய்ப் பெயரும் போகும்.

நான்காவது, சுத்தத்தைப் பார்க்கிறார்கள். எழுத்துப் பிழை நிறைந்த மனு, "வேலையையும் இப்படித்தான் செய்வேன்" என்று முன்கூட்டியே வாக்களிக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தப்பாக எழுதியவர் உண்டு. ஒரு நிறுவனத்துக்கு எழுதியதை மற்றொரு நிறுவனத்துக்கு அப்படியே அனுப்பியவர் உண்டு. தம்முடைய கைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு, அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவரும் உண்டு. நம் மாணவன் ஒருவனுடைய மின்னஞ்சல் முகவரி 'சிங்கக்குட்டி' என்று ஆரம்பிக்கிறது. சிங்கக்குட்டிக்குக் கணக்குப்பிள்ளை வேலை கொடுக்க எந்த முதலாளி துணிவார்? அனுப்புமுன் வீட்டில் வேறு ஒருவரைக் கொண்டு உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. நம் கண் மன்னித்துவிடும் பிழையைப் பிறர் வாய் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாவது, சாட்சியைத் தேடுகிறார்கள். நம்மவர்கள் சிபாரிசு என்றால் சட்டசபை அங்கத்தினரிடம் ஓடுகிறார்கள். அவர் பையனை ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது மானேஜருக்கும் தெரியும். பையனின் வேலையைக் கண்ணால் கண்ட பட்டறைக்காரரோ, ஆசிரியரோ, கடை முதலாளியோ சொல்லும் இரண்டு வார்த்தைக்கு அதைவிட மதிப்பு அதிகம். அவரிடம் அனுமதி பெற்று அவருடைய பெயரைக் குறிப்பிட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு புதிய அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம்முடைய கரும்பலகையின் ஸ்தானத்தை இப்போது செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டிருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் அது அழகான ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுக்கிறது. பிழை திருத்திக்கொள்ள அதன் உதவியைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் முழு மனுவையும் அதனிடமே விட்டுவிட்டால், நாம் 23 பேருக்குச் செய்த தீமையை அது லட்சம் பேருக்குச் செய்துவிடும். பள்ளிக் கிணற்றின் மோட்டாரைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

ஆள் எடுப்பவர்களுக்கு

குற்றம் எல்லாம் மனு எழுதுகிறவர்கள் தலையில்தானா? இல்லை. மனுவை வாசிக்கிறவர்களின் கண்ணிலும் குற்றம் உண்டு.

2007-இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் தனியார் நிறுவனங்கள் செய்த விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மேல் சாதியைக் காட்டும் பெயருடன் ஒப்பிட்டால், தலித் என்று காட்டும் பெயருக்கு நேர்முகத்துக்கு அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு விகிதம் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவிலும் கதை வேறு அன்று. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆராய்ச்சி 2004-இல் வெளியாயிற்று. வெள்ளையர் பெயர்களுக்குக் கறுப்பர் பெயர்களைவிட 50 சதவிகிதம் அதிக அழைப்புகள் வந்தன.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அப்பட்டங்களை விட்டும்விட்டோம். ஆயினும் தனியார் வேலைக்கு எழுதும் சுயவிவரக் குறிப்பில் சாதி, சமயம், தகப்பனார் உத்தியோகம் எல்லாவற்றையும் இன்னும் சிலர் தாமாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். சட்டப்படி சர்க்கார் கேட்கும் படிவங்களில் கேட்டதைப் பூர்த்தி செய்ய வேண்டியதுதான். மற்ற இடங்களில், கேட்காததை எழுத வேண்டியதில்லை.

ஆள் எடுப்பவர்களுக்கு அறிஞர்கள் சொல்லும் யோசனையும் உண்டு. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற அமெரிக்க உளவியலார் 85 வருஷத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் வேலையை நன்றாகச் செய்வாரா என்று முன்கூட்டி அறிவதற்குக் கையெழுத்து ஜோசியம் அநேகமாக உதவவே இல்லை. எத்தனை வருஷ அனுபவம் என்ற கணக்கும் அதிகம் உதவவில்லை. அந்த வேலையிலேயே ஒரு சிறு பகுதியைச் செய்து காட்டச் சொல்வது நன்றாக உதவியது. 2022-இல் சாக்கெட்டும் அவருடைய தோழர்களும் இக்கணக்குகளை மறுபடி பரிசீலித்துப் பலவற்றைக் குறைத்தார்கள். அப்போது முதலிடத்துக்கு வந்தது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பிடும் நேர்முகம். பேச்சு வாக்கில் நடக்கும் நேர்முகம் அதற்கு வெகுவாகப் பின்தங்கிவிட்டது.

துறைமுக மனுவை மறுபடி நினைத்துப் பார்க்கலாம். 'பட்டதாரிகள் மட்டும்' என்று சொல்லிக் கொடுத்த ஒரு கணினியிடம் அந்த மனு போயிருந்தால், ஒரு விநாடியில் தள்ளுபடி ஆகியிருக்கும். ராமானுஜனின் அதிர்ஷ்டம், நம் தேசத்தின் அதிர்ஷ்டம், அதை மனிதர்கள் வாசித்தார்கள். காரியாலயத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் இந்தக் குமாஸ்தாவிடம் அக்கறை காட்டினார். சல்லடை வைத்திருப்பவர்கள், அதன் கண்களின் வழியே எதை நழுவவிடுகிறோம் என்று அவ்வப்போது கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

மோட்டார்க்காரன் எழுதிய மனு

இது நிற்க. நம்முடைய மோட்டார்க்காரன் கதையை முடித்துவிடுவோம்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு பட்டறையில் ஆள் வேண்டும் என்ற விளம்பரம் வந்தது. நாமே அவன் வீட்டுக்குப் போனோம். "ஸார், நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். "இல்லை, தம்பி. நீ சொல்லு, நாம் கேட்கிறோம்" என்றோம். முதலில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. "நான் என்ன ஸார் பெரிதாகச் செய்துவிட்டேன்?" என்றான். அவனுடைய தாயார் அடுப்படியிலிருந்து, "ஏன்டா, பள்ளிக்கூடத்து மோட்டாரைப் பற்றிச் சொல்லேன்" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினான். கடைசியில் அவனே தமிழில் ஐந்து வரி எழுதினான்:

"எங்கள் பள்ளியின் ஒரு குதிரைச் சக்தி மோட்டாரை மூன்று வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். நான்கு முறை கெப்பாசிட்டரும் ஒரு முறை பேரிங்கும் மாற்றியிருக்கிறேன். காயில் கட்ட எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ள விரும்புகிறேன். இரண்டு வருஷம் ஜவுளிக்கடையில் வேலை செய்தேன். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. என் வேலையைப் பார்த்தவர் எங்கள் பள்ளி ஆசிரியர். அவர் எண் கீழே இருக்கிறது."

'தங்கள் பூரண திருப்தி' என்பதைச் சேர்க்க வேண்டாமா என்று ஒரு முறை கேட்டான். வேண்டாம் என்றோம்.

நான்காம் நாள் பட்டறை முதலாளி நம்மை டெலிபோனில் அழைத்தார். "காயில் கட்டத் தெரியாது என்று எழுதியிருக்கிறானே, அந்தப் பையன் எப்படி?" என்று விசாரித்தார். தெரிந்ததைச் சொன்னோம். "தெரியாததைத் தெரியாது என்கிறவன், தெரியும் என்று சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். வரச் சொல்லுங்கள்; ஒரு மோட்டாரைக் கொடுத்துப் பார்க்கிறேன்" என்றார்.

இப்போது அவன் காயில் கட்டுகிறான். இரண்டு வருஷத்தை மட்டும் நாம் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்த வருஷமும் வைகாசியில் திண்ணை நிறையும். மாதிரிக் கடிதம் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டோம். வருகிற பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நீ கையால் செய்த ஒரு காரியத்தை முதலில் எழுது" என்று சொல்லப் போகிறோம். வாசகர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் உடனே வராது. அடுப்படியில் இருப்பவர்களையும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.